மென்று கொடுப்பவர்

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் சந்தில், உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அமுதவல்லி மெஸ். பெயர்ப்பலகை கிடையாது. குழம்பு வாசனையை வைத்துத்தான் ஆட்கள் வந்து சேருவார்கள். அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டதும், அன்புச்செல்வியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பிளெஸ்ஸி அங்கே போனபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒரே தனியார் பள்ளியில் டீச்சர்கள். அன்புச்செல்விக்கு இது நாலாவது மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்து போயிருந்தது. இந்தத் தடவை பிள்ளை தங்கிவிட்டது, சோறுதான் தங்கவில்லை. கஞ்சி குடித்தால் வாந்தி, மாதுளம்பழம் தின்றால் வாந்தி, வெறும் தண்ணீருக்கும் வாந்தி. மசக்கை எல்லோருக்கும்தான் வருகிறது, ஆனால் இவளைப் போட்டு உருக்கிவிட்டது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போனது. சாப்பாடு இறங்காவிட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். புருஷன் கோபிநாத் மஸ்கட்டில் இருந்துகொண்டு போனில் அழுதான். மாமியார் செல்வராணி கும்பிடாத சாமி இல்லை.

அப்படிப்பட்டவள் அன்றைக்குக் காலையில், "கருவாட்டுக் கொழம்பு திங்கணும்போல இருக்குடி" என்றாள். கேட்டதே பெரிய விஷயம். பள்ளிக்கூடம் விட்ட கையோடு பிளெஸ்ஸி அவளைக் கிளப்பிவிட்டாள்.

பிளெஸ்ஸிக்குக் கருவாடு என்றால் ஆகாது. கருவாடு என்ன, பாதி விஷயம் ஆகாது. அடுத்தவர் வாய் வைத்த பாட்டிலில் தண்ணீர் குடிக்க மாட்டாள். கல்யாண வீட்டில் டம்ளரைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவாள். சின்ன வயதில் அவள் தம்பி கடித்துக் கொடுத்த கடலை மிட்டாய்க்காக ஒரு நாள் முழுக்க வாய் கொப்பளித்தவள். எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்கும். ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு 'டெட்டால் டீச்சர்' என்று பட்டம்.

இத்தனை சுத்தக்காரிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தான் சாப்பிடும்போது யார் கண்ணில் பட்டாலும், "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லாமல் தின்றால் பார்த்தவர் கண் வயிற்றில் விழுந்து வலிக்கும் என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். தபால்காரர், கேபிள்காரர், வாசலில் சேலை விற்க வந்தவர் எல்லோருக்கும் அந்த உபசாரம் கிடைக்கும். நம் ஊரில் இதைச் சொல்லாதவர் யார்? கேட்டவரும் "இருக்கட்டும், நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். யாரும் உண்மையில் உட்கார்ந்துவிடுவதில்லை.

மெஸ்ஸுக்குள் ஒரு விசித்திரம் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரையொட்டி நீளப் பலகை, அதன் முன்னால் பெஞ்சு. எதிரும் புதிருமாக ஒருவரும் இல்லை. பேச்சும் இல்லை. குனிந்த தலை நிமிராமல் பிசைந்து பிசைந்து தின்றார்கள். மூலையில் மட்டும் தனியாக ஒரு சின்ன மேஜையும் பெஞ்சும் கிடந்தன, அதுவும் சுவரோடு ஒட்டி.

"செவுத்தப் பாத்து உக்காருங்க டீச்சர்" என்றாள் அமுதவல்லி. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், கடையை நடத்துகிறவளும் பரிமாறுகிறவளும் அவள்தான். சொல்லிவிட்டுப் பார்சல் கட்டப் போய்விட்டாள்.

சுவரைப் பார்த்துத் தின்னப் பிளெஸ்ஸி என்ன தண்டனை வாங்கிய பிள்ளையா? அன்புச்செல்வியின் வாயில் சோறு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டாமா? மேஜையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு, சுவருக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு ஸ்டூலைச் செருகி, சிநேகிதிக்கு எதிராக உட்கார்ந்துகொண்டாள்.

இலை வந்தது. சோறு வந்தது. கத்திரிக்காய் போட்டு வற்றவைத்த கருவாட்டுக் குழம்பு வந்தது. பிளெஸ்ஸி தனக்கு ரசம் மட்டும் கேட்டாள்.

அன்புச்செல்வி ஒரு வாய் வைத்தாள். உடனே முகம் வெளிறியது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"மெதுவா, மெதுவா" என்றாள் பிளெஸ்ஸி.

"எறங்கலடி."

அப்போதுதான் பிளெஸ்ஸி நிமிர்ந்தாள். அன்புச்செல்விக்குப் பின்னால், கை கழுவும் இடத்துக்குப் போகிற கதவில்லாத நிலை தெரிந்தது. உச்சி வெயில் நேரத்திலும் அதற்குள் இருட்டு. அங்கிருந்து ஈர இலை, புளித்த கழுநீர், பினாயில் எல்லாம் கலந்த ஒரு வாடை வந்துகொண்டிருந்தது.

நிலையில் ஒருவர் நின்றிருந்தார்.

வயதானவர். தொளதொளத்த வெள்ளைச் சட்டை. கன்னம் ஒட்டிப்போய், உதடு மட்டும் ஈரமாக இருந்தது. அவர் அன்புச்செல்வியின் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை எடுக்கவே இல்லை.

யாரோ பசித்த மனுஷர். பிளெஸ்ஸியின் வாய் தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

"வாங்கய்யா, சாப்பிடலாம்."

மெஸ்ஸில் அத்தனை கைகளும் நின்றன.

பார்சல் கட்டிக்கொண்டிருந்த அமுதவல்லி அப்படியே திரும்பினாள். பலகையில் தின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இலையை மூடினார்கள். பாதிச் சோறு அப்படியே இருக்க, கைகூடக் கழுவாமல் வாசல் பக்கம் நடந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் வந்தார்.

நடந்து வந்த சத்தம் இல்லை. வாடைதான் நெருங்கி வந்தது. அன்புச்செல்வியின் பக்கத்தில், அதே பெஞ்சில், தோளோடு தோள் உரச உட்கார்ந்தார். பெஞ்சு ஒருமுறை கிறீச்சிட்டது.

அன்புச்செல்வி திரும்பவில்லை. சேலையை மட்டும் லேசாக இழுத்து இடம் கொடுத்தமாதிரி பிளெஸ்ஸிக்குத் தோன்றியது.

அவர் கையை நீட்டினார். நகக்கண்ணில் கறுப்பாக என்னவோ அப்பியிருந்தது. அன்புச்செல்வியின் இலையில், அவள் பிசைந்து வைத்திருந்த சோற்றிலேயே விரல்களை முக்கி அள்ளினார். வாயில் போட்டு மென்றார். பல் இருந்ததாகத் தெரியவில்லை. ஈறும் நாக்கும் சோற்றைப் புரட்டிப் புரட்டி அரைக்கிற சத்தம், சேற்றில் கால் புதைந்து எழுகிற சத்தம்போலச் சதக்கு சதக்கென்று கேட்டது. உதட்டோரத்தில் குழம்பும் எச்சிலும் நுரையாக வழிந்தன.

அவர் விழுங்கவில்லை.

குனிந்தார். மென்ற அத்தனையையும் இலையில் திரும்ப வைத்தார். கூழாக, சூடாக, எச்சில் நூல் அறுபடாமல் உதட்டுக்கும் இலைக்கும் நடுவே தொங்க.

அன்புச்செல்வியின் கை அதை எடுத்தது.

"அன்பு." பிளெஸ்ஸி மேஜைமேல் குனிந்தாள். "அன்பு, எலைய மூடு. போதும்டி, எலைய மூடு."

"ஏன், இப்பத்தான நல்லாருக்கு" என்றாள் அன்புச்செல்வி. வாயில் வைத்தாள். விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியதைப் பிளெஸ்ஸி கண்ணால் பார்த்தாள். அடுத்த வாய்க்குக் கை போனது. அதற்குள் அவர் அடுத்ததை மென்று வைத்திருந்தார்.

ஒரு கத்திரிக்காய்த் துண்டு அவர் வாயிலிருந்து தோல் மட்டும் உரிந்து வந்து விழுந்தது. அன்புச்செல்வி அதையும் வழித்துத் தின்றாள். பிறகு நிமிர்ந்து, "அக்கா, இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க" என்றாள். இரண்டு மாதமாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை.

பிளெஸ்ஸி எழுந்து வாசலுக்கு ஓடிச் சாக்கடையோரமாக வாந்தியெடுத்தாள். உள்ளே மசக்கைக்காரி சம்மணம் போட்டு இரண்டாம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்புச்செல்வி கை கழுவப் போன நேரத்தில் அமுதவல்லி வெளியே வந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள்.

"என்ன டீச்சர் இப்புடிப் பண்ணிப்புட்டீங்க? வேலியில போன ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டீங்களே."

"யாருக்கா அது?"

"தெரியாது. நாங்க இந்தக் கடையப் புடிச்சப்பவே அங்கிட்டு நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒண்ணும் செய்யாது. திங்கிறவங்களப் பாத்துக்கிட்டு நிக்கும். கண்டுட்டு யாராச்சும் வாய் தவறிக் கூப்புட்டுறக் கூடாதுன்னுதான் எல்லாரையும் செவுத்தப் பாத்து உக்கார வக்கிறோம்."

"எப்படிப் போகச் சொல்றது?"

"கூப்புட்டவங்கதான் எழுப்பணும்னு கடைய வாடகைக்கு விட்ட கட்டடக்காரரு சொல்லிருக்காரு. போதும், எந்திரிங்கன்னு நீங்க சொன்னாப் போயிரும்." அமுதவல்லி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "ஆனா அது மென்னு குடுத்ததத் தின்னவங்களுக்கு, அது போயிட்டா வேற சோறு எறங்காதாம். அதையும் சொல்லிருக்காரு."

அன்புச்செல்வி வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. "வயிறு நெறஞ்சு எத்தன நாளாச்சு தெரியுமா" என்று பிளெஸ்ஸியின் தோளில் கை போட்டாள். அந்தக் கையில் கருவாட்டு வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது. பிளெஸ்ஸி மூச்சைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

அன்றைக்கு அன்புச்செல்வி வாந்தி எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவர் வந்துவிட்டார். மேஜையோரத்தில் நின்று குனிந்து, எலுமிச்சம் சோற்றை அள்ளினார். மற்ற டீச்சர்கள் சம்பளம் எப்போது ஏறும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சதக்கு சதக்கு சத்தம் பிளெஸ்ஸி ஒருத்தியின் காதில் மட்டும் விழுந்தது. ஒரு பருக்கை தெறித்து அவள் புறங்கையில் ஒட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. அவள் ஓடிப்போய்த் தோல் சிவக்கச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஜன்னலருகே நின்று "போதும்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. சொன்னால் அன்புச்செல்வி என்ன ஆவாள்?

வாரங்கள் ஓடின. வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. கன்னம் பூசினாற்போல் ஆனது. ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. செல்வராணி பள்ளிக்கூடத்துக்கே வந்து பிளெஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் ஒன் கைராசிம்மா. நீ கூட்டிட்டுப்போயி சாப்பிட வச்ச நாளுதான் எம் மருமக பொழச்சா."

பிளெஸ்ஸிதான் இளைத்துக்கொண்டு வந்தாள். இட்லியைப் பிட்டால் அது ஏற்கெனவே ஒருவர் வாய்க்குள் போய் வந்ததுபோல் தோன்றியது. குழைந்த எதையும் அவளால் பார்க்க முடியவில்லை. தயிர்சாதம், பொங்கல், களி எல்லாவற்றுக்கும் குமட்டியது. "புள்ளத்தாச்சி அவளா நீயா?" என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் முழங்காலில் இருந்தபோதே அவள் முடிவு செய்துவிட்டாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். மருந்து மாத்திரை, குளுக்கோஸ் என்று எதையாவது வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்த அசிங்கத்தை ஒரு பச்சைப் பிள்ளையின் உடம்பாக வளர விடக் கூடாது. நேரே அன்புச்செல்வி வீட்டுக்குப் போனாள்.

செல்வராணி மருமகளுக்குச் சோறு வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். அன்புச்செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவர். அவர் வாயில் அன்றைக்கு ஆட்டுக்கறி. எலும்பை உறிஞ்சி, சவ்வை இழுத்து, மென்று, தட்டில் துப்பினார். கொழுப்பும் எச்சிலும் கலந்து பளபளத்தது.

பிளெஸ்ஸி வாசற்படியில் நின்றபடியே ஆரம்பித்தாள். "போதும்..."

"சொல்லாதடி."

அன்புச்செல்வி எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிளெஸ்ஸி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்கு... தெரியுமா?"

"மொத நாளே தெரியும். பக்கத்துல வந்து உக்காந்த ஆளு தெரியாதா? அந்த மெஸ்ஸக்கா ஒங்கிட்ட சொன்னதும் காதுல விழுந்துச்சு."

"தெரிஞ்சுதான் திங்கிறியா? அத எப்புடிடி..." பிளெஸ்ஸி கையை உதறப் பார்த்தாள். "எச்சிடி அது. செத்த வாய் எச்சி."

"ஒனக்கு அருவருப்பு. எனக்குப் பசி. பசி வந்தாப் பத்தும் பறந்துரும்டி." அன்புச்செல்வி குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு மட்டும் கொமட்டலன்னு நெனைக்கிறியா? ஒவ்வொரு வாயும் கண்ண மூடிக்கிட்டுத்தான் முழுங்குறேன். ரெண்டு தடவ கழுவிவிட்ட வயிறு இது. மூணாவது தடவ அந்தக் கட்டில்ல போயி நான் படுக்க மாட்டேன்."

பின்னால் மெல்லும் சத்தம் நின்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ள பொறக்கட்டும்" என்றாள் அன்புச்செல்வி. "பொறந்த அன்னைக்கே வந்து சொல்லிரு. அப்பறம் எனக்கு எறங்காட்டியும் பரவால்ல, நான் பாத்துக்கிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்க. எனக்காக."

பிளெஸ்ஸி பொறுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறும் வைத்தபோது அவர் ஏழையும் ருசி பார்த்தார். சந்தனம் பூசிய கன்னத்தோடு அன்புச்செல்வி ஏழையும் தின்றாள். பக்கத்தில் உட்கார்ந்து வளையல் போட்டுவிட்ட பிளெஸ்ஸி, வாயை இறுக மூடிக்கொண்டு சிரித்தமாதிரி இருந்தாள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல நிறம், குறை ஒன்றும் இல்லை. தகவல் வந்ததும், மறுநாள் பிளெஸ்ஸி லீவு போட்டுவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தையை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். இன்றோடு விட்டது சனியன் என்று நினைத்தபோது, பல மாதம் கழித்து அவளுக்கு லேசாகப் பசித்தது.

வார்டில் பகல் வெளிச்சம் தாராளமாக இருந்தது. பால் வாடை, டெட்டால் வாடை, வெந்நீர் வாடை. அன்புச்செல்வியின் கட்டிலைச் சுற்றிச் செல்வராணியும் ஒரு நர்ஸும் நின்றிருந்தார்கள். நர்ஸின் முகம் சரியில்லை.

"தாய்க்குப் பால் இருக்கு. இது வாயே வைக்க மாட்டேங்குது" என்றாள் நர்ஸ். "பாலாடையில குடுத்தா துப்பிருது. நேத்துலேருந்து ஒரு சொட்டு எறங்கல. இன்னும் கொஞ்ச நேரம் பாப்பம். இல்லாட்டி தஞ்சாவூருக்குத்தான் கொண்டு போகணும். டாக்டரக் கூட்டிட்டு வாரேன்."

செல்வராணி அழுதுகொண்டே அவள் பின்னால் போனாள்.

கட்டிலில் குழந்தை முனகியது. அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. உதடு காய்ந்து, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அன்புச்செல்வி மார்பில் அணைத்தபோது தலையைத் தலையைத் திருப்பிக்கொண்டது.

கட்டிலின் கால்மாட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரிச் சோற்றுத் தட்டு. மென்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியா" என்றாள் அன்புச்செல்வி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. "சொல்லிரு. இப்பவே சொல்லிரு."

பிளெஸ்ஸி மூச்சை இழுத்தாள்.

குழந்தையின் முனகல் நின்றது.

அது தலையைத் திருப்பியது. இன்னும் பார்வை நிலைக்காத கண். ஆனாலும் கால்மாட்டுப் பக்கமாக, மெல்லும் சத்தம் வந்த பக்கமாகத் திருப்பியது. திருப்பி, வாயைத் திறந்தது. குருவிக்குஞ்சு திறப்பதுபோல, முடிந்த மட்டும் அகலமாக.

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

பிறகு நிமிர்ந்து பிளெஸ்ஸியைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மிரட்டுகிற பார்வை இல்லை. பந்தியில் உட்கார்ந்த விருந்தாளி, அழைத்தவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருப்பாரே, அந்தப் பார்வை.

அன்புச்செல்வி பிளெஸ்ஸியைப் பார்த்தாள். சொல் என்று சற்றுமுன் சொன்ன வாய் இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது.

பிளெஸ்ஸிக்கு வயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். அந்த இரண்டு வார்த்தையும் அதோடு சேர்ந்து உள்ளே போயின.

கட்டிலை ஒட்டி நின்றிருந்தவள், ஓரடி நகர்ந்து வழிவிட்டாள்.

அவர் குனிந்தார். பிளெஸ்ஸி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வேப்ப மரத்தடியில் யாரோ துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். சத்தத்துக்குக் காதை மூட முடியவில்லை. முதலில் அந்தச் சதக்கு. பிறகு, மிகச் சின்னதாக, ஆசையாக, ஒரு மொடக்கு.

இன்னொரு மொடக்கு.

செருப்புச் சத்தம் கேட்டது. நர்ஸ் டாக்டரம்மாவோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் செல்வராணி. பிளெஸ்ஸி திரும்பினாள். குழந்தையின் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. கை இரண்டையும் மடக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தது.

"குடிச்சிருச்சா?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள் செல்வராணி.

"குடிச்சிருச்சு அத்த" என்றாள் அன்புச்செல்வி, யாரையும் பார்க்காமல்.

குழந்தையின் உதட்டோரத்தில் மென்ற சோற்றுப் பருக்கை ஒன்று ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கட்டிலை நெருங்குவதற்குள் பிளெஸ்ஸி குனிந்து, தன் விரலால் அதைக் குழந்தையின் வாய்க்குள் தள்ளிவிட்டாள்.